பெயரிட்டால் போதுமா? பயிர் வைரசுகளின் வகைப்பாடும் வயலின் கேள்வியும்

2000-ஆம் ஆண்டில் ஆந்திரத்தின் அனந்தபூர் மாவட்டத்தில் நிலக்கடலைப் பயிர் பெரும் பரப்பில் கருகியது. குருத்திலைகளில் புள்ளிகள் தோன்றின, நுனி கருகியது, கருகல் தண்டு வழியே கீழிறங்கிச் செடிகள் மடிந்தன. ஏறத்தாழ 2,25,000 எக்டேர் பாதிக்கப்பட்டதாகவும் இழப்பு 300 கோடி ரூபாயைத் தாண்டியதாகவும் மதிப்பிடப்பட்டது. அந்த மண்ணுக்கு நிலக்கடலையின் மொட்டுக் கருகல் நோய் புதிதன்று. அறிகுறிகளும் ஒத்திருந்தன. எனவே முதல் ஐயம் அந்தப் பழைய நோயின் மீதே விழுந்தது இயல்புதான்.

ஆய்வுக்கூடச் சோதனைகள் வேறொன்றைச் சொல்லின. காரணி மொட்டுக் கருகல் வைரஸ் அன்று; முற்றிலும் வேறு குடும்பத்தைச் சேர்ந்த புகையிலைக் கீற்று வைரஸ். இந்த வேறுபாடு ஏட்டளவில் நிற்பதன்று. மொட்டுக் கருகல் வைரஸ் இலைப்பேனின் உடலுக்குள் புகுந்து, அங்கே பெருகி, அப்பூச்சியின் வாழ்நாள் முழுவதும் பரவக்கூடியது. புகையிலைக் கீற்று வைரஸ் மகரந்தத்தில் பயணம் செய்கிறது. பெரும்பாலும் நோய்க்குறி காட்டாமல் வரப்போரம் வளரும் பார்த்தீனியச் செடி அதன் இருப்பிடம். அதன் மகரந்தத்தை உடலில் சுமந்து வரும் இலைப்பேன் நிலக்கடலை இலையைச் சுரண்டும்போது அந்தக் காயத்தின் வழியே வைரஸ் உள்ளே நுழைகிறது. ஆகவே செய்ய வேண்டிய வேலையும் மாறுகிறது: பார்த்தீனியத்தைப் பூக்கும் முன் அகற்ற வேண்டும், வயலைச் சுற்றிச் சோளம் போன்ற உயரமான பயிரை வேலியாக விதைக்க வேண்டும். பெயர் தவறியிருந்தால் இந்த அறிவுரை பிறந்திருக்காது.

வைரசை அடையாளம் காண்பது என்றால் என்ன என்பதற்கு இதைவிடத் தெளிவான விளக்கம் தேவையில்லை. அடையாளம் என்பது மூன்று கேள்விகளுக்கு விடை தருவது. இந்த நோயை உண்டாக்குவது எது? அது எங்கே தங்கியிருந்து, எதன் வழியே வருகிறது? அதற்கு எதிராக எந்த இரகம், எந்த நடவடிக்கை நிற்கும்? இன்றைய இந்தியப் பயிர் வைரஸ் ஆய்வுகளில் ஒரு பெரும்பகுதி இம்மூன்றையும் தொடாமலேயே 'அடையாளம் காணப்பட்டது' என்று எழுதி முடிகிறது. வகைப்பாடு அடையாளத்தின் இடத்தைப் பிடித்துக்கொண்டதே இதற்குக் காரணம். இவ்விரண்டையும் பிரித்துப் பார்க்கும் பழக்கம் ஆய்வேடுகளிலும் அவற்றை மதிப்பிடும் அவைகளிலும் மீள வேண்டும்.

முன்னோடிகளின் காலத்தில் இந்தக் குழப்பத்துக்கு இடமே இருக்கவில்லை. 1892-இல் இவானோவ்ஸ்கியும் 1898-இல் பெய்யரிங்கும் புகையிலைத் தேமல் நோயை ஆராய்ந்தபோது அவர்களிடம் இருந்தது நோயுற்ற இலையின் வடிகட்டிய சாறும் நலமான செடியும் மட்டுமே. அந்தச் சாறு செடியை நோயாளியாக்கியது என்பதே சான்று. வைரசைச் செயற்கை ஊடகத்தில் வளர்க்க இயலாது என்பதால், காக்கின் நிபந்தனைகளை வைரசுகளுக்கு ஏற்ப ரிவர்ஸ் 1937-இல் திருத்தியமைத்தார். திருத்தத்திற்குப் பின்னும் மையக் கருத்து மாறவில்லை: பிரித்தெடுத்ததை மீண்டும் செலுத்தினால் அதே நோய் வர வேண்டும். ஓம்புயிர்களின் பட்டியல், பரப்பும் பூச்சி, துகளின் வடிவம், ஊனீர்ச் சோதனை ஆகியவற்றையெல்லாம் திரட்டிய பிறகே ஒரு வைரசுக்குப் பெயர் கிடைத்தது. அது மெதுவான வழி. பிழைகளுக்கு இடந்தந்த வழியும்கூட. மொட்டுக் கருகல் வைரசே பல ஆண்டுகள் தக்காளிப் புள்ளி வாடல் வைரஸ் என்று கருதப்பட்டு, 1992-இல்தான் தனி வைரஸ் என நிறுவப்பட்டது.

மரபணு வரிசையறிதல் அந்த மந்தத்தையும் பிழையையும் பெருமளவு நீக்கியது. அதன் கொடையைக் குறைத்து மதிப்பிட இடமில்லை. வெள்ளை ஈயால் பரவும் பெகோமோவைரசுகளை எடுத்துக்கொள்வோம். அவற்றின் மரபுப்பொருள் வட்டமான ஓரிழை டி.என்.ஏ.; ஒவ்வொரு கூறும் ஏறத்தாழ 2,700 நியூக்ளியோடைடு நீளம் கொண்டது. பல வைரசுகளுக்கு 'ஏ', 'பி' என இரு கூறுகள் உண்டு; சிலவற்றுக்கு ஒரு கூறு மட்டுமே. உருண்டை வட்டப் பெருக்க முறையால் நோயுற்ற இலையிலிருந்து முழுக் கூறையும் சில நாள்களில் பெருக்கி, வரிசையை அறிந்துவிடலாம். அவ்வரிசையை அறிந்த வரிசைகளுடன் ஒப்பிட்டு, ஒற்றுமை 91 விழுக்காட்டிற்குக் குறைந்தால் புதிய சிற்றினம், 94-க்குக் குறைந்தால் புதிய திரிபு என்பது 2015-இல் வகுக்கப்பட்ட விதி. அதற்கு முன் சிற்றின எல்லை 89 விழுக்காடாக இருந்தது.

இந்த எண் எதைக் குறிக்கிறது, எதைக் குறிக்கவில்லை என்பதை ஆய்வு மாணவர்கள் பொறுமையாகச் சிந்திக்க வேண்டும். அறியப்பட்ட வரிசைகளை ஒன்றோடொன்று ஒப்பிட்டபோது கிடைத்த ஒற்றுமைப் பரவலில், பிரிப்பதற்கு வாய்ப்பான ஓரிடத்தில் போடப்பட்ட கோடு அது. இயற்கை போட்ட கோடன்று. 2,700 எழுத்துகளில் 0.2 விழுக்காடு என்பது ஐந்தாறு எழுத்துகள். 90.9 என்றால் புதிய சிற்றினம், 91.1 என்றால் பழையது. இடையில் நிற்கும் அந்த ஐந்தாறு எழுத்துகள் நோயின் தன்மையை மாற்றியிருக்கலாம், மாற்றாமலும் இருக்கலாம். எண்ணுக்கு அது தெரியாது. கோடு வேண்டும் என்பதில் ஐயமில்லை. ஒரே கோடு உலகெங்கும் இருந்தால்தான் தில்லியில் எழுதுவது பிரேசிலில் விளங்கும். கோட்டை நோயின் விளக்கமாக வாசிப்பதில்தான் தவறு தொடங்குகிறது.

பருத்தி இலைச்சுருள் நோயின் வரலாறு இதற்கு நல்ல பாடம். 1980-களின் பிற்பகுதியில் பாகிஸ்தானின் பஞ்சாப் பகுதியில் இந்நோய் கொள்ளைநோயாக எழுந்தது. 1993-இல் இராஜஸ்தானின் ஸ்ரீகங்காநகர்ப் பகுதியில் அமெரிக்கப் பருத்தியில் தென்பட்டு, வட இந்தியப் பருத்தி வயல்களில் பரவியது. நோயுற்ற செடிகளில் பெகோமோவைரஸ் கிடைத்தது, வரிசையும் அறியப்பட்டது. இன்றைய வழக்கப்படி என்றால் ஆய்வுக்கட்டுரை அத்துடன் முடிந்திருக்கும். ஆனால் படியெடுத்த வைரசை மட்டும் பருத்திக்குள் செலுத்தியபோது வயலில் கண்ட நோய் வரவில்லை. அந்தத் தோல்வியை மறைக்காமல் பின்தொடர்ந்ததால்தான் ஏறத்தாழ 1,350 நியூக்ளியோடைடு நீளமுள்ள துணை டி.என்.ஏ. ஒன்று கண்டறியப்பட்டது. இன்று அது பீட்டா சாட்டிலைட் எனப்படுகிறது. வைரசையும் அதையும் சேர்த்துச் செலுத்தியபோது நோய் முழுமையாகத் தோன்றியது. 2001-இல் வெளியான அந்த முடிவு, ஆசியாவின் பல இலைச்சுருள் நோய்களைப் புரிந்துகொள்ளும் முறையையே மாற்றியது. வரிசையோடு நின்றிருந்தால் அக்கண்டுபிடிப்பு தாமதமாகியிருக்கும்.

கதை அங்கே முடியவில்லை. எதிர்ப்புத்திறன் கொண்ட பருத்தி இரகங்கள் வந்தன, நோய் அடங்கியது. 2001 அளவில் பாகிஸ்தானின் புரேவாலா பகுதியில் அந்த இரகங்களும் சுருளத் தொடங்கின. முல்தான், கோக்ரான் ஆகிய இரு வைரசுகளின் பகுதிகள் இணைந்து உருவான கலப்பு வைரஸ் அங்கே இருந்தது. அது முதலில் தனிச் சிற்றினமாகப் பெயர் பெற்றது. 2015-இன் திருத்திய விதிப்படி அது கோக்ரான் வைரசின் ஒரு திரிபாகத் தாழ்த்தப்பட்டது. வகைப்பாட்டு விதியின்படி இது முற்றிலும் சரி. ஆனால் ஓர் உழவருக்கும் ஓர் இரக உருவாக்குநருக்கும் அந்த வைரசைப் பற்றித் தெரிய வேண்டிய தலையாய செய்தி, அது எதிர்ப்புத்திறனை உடைக்கும் என்பதே. சிற்றினப் பெயரை மட்டும் பதியும் ஓர் ஆய்வில் அச்செய்தி காணாமற்போகிறது. வைரஸ் மாறவில்லை, அதன் சேதமும் குறையவில்லை. பட்டியலில் அதன் இடம் மட்டும் மாறியது.

பயறுவகைகளின் மஞ்சள் தேமல் நோய் இன்னொரு கோணத்தைக் காட்டுகிறது. 1950-களில் தில்லியில் பாசிப்பயற்றில் கவனிக்கப்பட்ட இந்நோய்க்கு இன்று இரு முதன்மைக் காரணிகள் கூறப்படுகின்றன. நாட்டின் வடக்கிலும் நடுப்பகுதியிலும் கிழக்கிலும் ஒன்று மிகுதி. தெற்கிலும் மேற்கிலும் மற்றொன்று மிகுதி. ஓரிடத்தில் எதிர்ப்புத்திறன் காட்டிய இரகம் வேறிடத்தில் தாங்காமற்போவதற்கு இப்பிரிவும் ஒரு காரணம். இங்கே வகைப்பாடு உண்மையிலேயே உதவுகிறது. ஆனால் புதுக்கோட்டை மாவட்டத்தின் வம்பனில் உளுந்திலிருந்து பெற்ற வைரசை மதுரை காமராசர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஆராய்ந்தபோது, ஒரே 'ஏ' கூறுடன் ஒன்றுக்கு மேற்பட்ட 'பி' கூறுகள் இருப்பதைக் கண்டனர். 2004-இல் வெளியான இப்பணியில் அவர்கள் வரிசையோடு நிற்கவில்லை. வெவ்வேறு 'பி' கூறுகளை அதே 'ஏ' கூறுடன் இணைத்து, அக்ரோபாக்டீரியம் வழியே செடிகளுக்குள் செலுத்திப் பார்த்தனர். ஒரு 'பி' கூறு உளுந்தில் கடுமையான தேமலை உண்டாக்கியது. மற்றொன்று பாசிப்பயற்றில் கடுமை காட்டியது.

பெகோமோவைரசுகளின் சிற்றினம் 'ஏ' கூறின் வரிசையை மட்டும் கொண்டே தீர்மானிக்கப்படுகிறது. ஆகவே வம்பன் ஆய்வில் வெளிப்பட்ட, எந்தப் பயிரை வைரஸ் எவ்வளவு தாக்கும் என்ற வேறுபாடு சிற்றினப் பெயருக்குள் நுழையவே வழியில்லை. 'ஏ' கூறை மட்டும் வரிசைப்படுத்தி, மரபுவழி மரத்தில் ஒரு கிளையைச் சுட்டிக்காட்டி முடியும் ஆய்வேடு, உளுந்துக்காரருக்கும் பாசிப்பயறுக்காரருக்கும் ஒரே விடையைத் தருகிறது. அவ்விடை இருவருள் ஒருவருக்குப் பொருந்தாமற்போகலாம்.

பெயர்கள் தாமே ஏற்படுத்தும் மயக்கமும் உண்டு. 1995-இல் தக்காளியிலிருந்து விவரிக்கப்பட்ட வைரஸ் ஒன்றுக்கு 'தக்காளி இலைச்சுருள் புதுதில்லி வைரஸ்' என்று பெயரிடப்பட்டது. பின்னர் இந்தியாவிலேயே அது உருளைக்கிழங்கின் நுனியிலைச் சுருளுக்கும் வெள்ளரிக் குடும்பக் காய்கறிகளின் நோய்களுக்கும் காரணியாக அறியப்பட்டது. 2012-இல் ஸ்பெயினில் தோன்றியபோது அது நாசமாக்கியது சீமைச் சுரைக்காய் வகையை. அங்குள்ள திரிபு தக்காளியை எளிதில் தொற்றுவதில்லை. பெயரில் தக்காளியும் இருக்கிறது, தில்லியும் இருக்கிறது. நோயோ மத்தியதரைக் கடலோரச் சுரைக்காயில் இருக்கிறது. பெயரை நம்பித் தக்காளியை மட்டும் சோதிக்கும் தனிமைக்காப்பு அலுவலர் என்ன செய்வார்? வைரஸ் வகைப்பாட்டிற்கான பன்னாட்டுக் குழு 2021-இல் எல்லா வைரஸ் சிற்றினங்களுக்கும் இரு சொற் பெயர் வேண்டும் என முடிவெடுத்ததும், அதன்படி இச்சிற்றினம் 'பெகோமோவைரஸ் சொலானம்டெல்ஹியென்சே' ஆனதும் ஒழுங்குக்கு நல்லவை. ஆயினும் புதிய பெயரும் தக்காளியின் பேரினத்தையும் தில்லியையும் சுமந்துகொண்டுதான் நிற்கிறது. எந்தப் பெயரிடல் முறையும் ஓம்புயிர்ச் சோதனைக்கு ஈடாகாது.

இவ்வளவும் தெரிந்திருந்தும் ஆய்வேடுகள் ஏன் ஒரே அச்சில் வருகின்றன? மாதிரி சேகரிப்பு, டி.என்.ஏ. பிரித்தல், பொதுத் தொடக்கிகளைக் கொண்டு பி.சி.ஆர்., உறைப்புரத மரபணுவின் வரிசை, தரவு வங்கியில் ஒப்பீடு, மரபுவழி மரம், பதிவெண், 'இப்பயிரில் இவ்வைரஸ் பற்றிய முதல் அறிக்கை' என்னும் குறுங்கட்டுரை. ஒவ்வொரு படியும் பயனுள்ளதே. சிக்கல் இறுதி வாக்கியத்தில் இருக்கிறது. நோயுற்ற செடியில் ஒரு வைரசின் துண்டு கிடைத்தது என்ற முடிவு, அந்த நோயின் காரணி அவ்வைரஸ் என்ற முடிவாக எழுதப்படுகிறது. வெப்பமண்டல வயலில் ஒரே செடியில் இரண்டு மூன்று வைரசுகள் கலந்திருப்பது அரிதன்று. பி.சி.ஆர். எதைத் தேடச் சொன்னோமோ அதைத்தான் காட்டும். தேடாதது அதே இலையில் இருந்தாலும் காட்டாது. அனந்தபூரில் மொட்டுக் கருகல் வைரசை மட்டுமே தேடியிருந்தால் 'இல்லை' என்ற விடையுடன் கை விரித்திருக்க வேண்டியிருக்கும்.

மறுதரப்பின் வாதங்களுக்கும் வலு உண்டு. தொற்றுத்திறன் கொண்ட படியாக்கம் செய்ய மாதங்கள் ஆகும். பூச்சி புகாத வலைக்கூடம் வேண்டும். வெள்ளை ஈயைத் தூய்மையாக வளர்க்க வேண்டும். உயிரிப் பாதுகாப்புக் குழுவின் ஒப்புதல் வேண்டும். உதவித்தொகையின் காலமோ குறுகியது. மாநிலப் பல்கலைக்கழகங்களின் சிறிய துறைகளில் இவற்றில் பாதிகூட இல்லை. மேலும், சூழலிலிருந்து நேரடியாகப் பெற்ற வரிசைகளால் மட்டுமே அறியப்படும் வைரசுகளையும் வகைப்பாட்டில் சேர்க்கலாம் என்று வல்லுநர்களே 2017-இல் பரிந்துரைத்துள்ளனர். வரிசை போதாது என்பது பழமைவாதம் அல்லவா என்று கேட்கலாம்.

இக்கேள்விக்கு விடை அப்பரிந்துரைக்குள்ளேயே இருக்கிறது. வகைப்பாட்டிற்கு வரிசை போதும் என்றுதான் அது சொல்கிறது. நோய்க்காரணத்தை நிறுவ அது போதும் என்று சொல்லவில்லை. வகைப்பாட்டுக் குழு சிற்றினங்களை வரையறுக்கிறது. எந்த நோய்க்கு எது காரணம் என்று தீர்ப்பளிப்பது அதன் பணியன்று. அந்தப் பணி பயிர் நோயியலுடையது. அதைக் கைவிட்டால் எடுத்துச் செய்ய வேறு துறை இல்லை. வசதியின்மை உண்மையான தடை. ஆனால் வசதியின்மையால் செய்ய இயலாத ஒன்றைச் செய்ததாக எழுதுவதற்கு அது நியாயமாகாது.

எல்லாரும் எல்லாவற்றையும் செய்ய வேண்டியதில்லை. எளிதில் செய்யக்கூடிய சில மாற்றங்களே பெரும்பயன் தரும். முதலாவது, சொல்லில் நேர்மை. வரிசை மட்டும் கிடைத்திருந்தால் 'நோயுற்ற செடியில் காணப்பட்டது' என்று எழுதுக. செலுத்திப் பார்த்து நோய் வந்திருந்தால் மட்டும் 'காரணி' என்று எழுதுக. இரண்டாவது, முழுமை. ஒரே செடியிலிருந்து 'ஏ', 'பி', சாட்டிலைட் அனைத்தையும் தேடுக. அருகில் நின்ற நலமான செடியையும் தவறாமல் சோதிக்க. அச்சோதனைக்குப் பெரிய கருவி தேவையில்லை. ஆயினும் பல கட்டுரைகளில் அதுவே இல்லை.

மூன்றாவது, சேமிப்பு. பதிவெண்ணில் எழுத்துகள் மட்டுமே வாழ்கின்றன. உலர்த்திய இலை, இரகத்தின் பெயர், ஊர், நாள், அண்டை வயலின் பயிர், இலையில் இருந்த பூச்சி ஆகியவை மாணவர் பட்டம் பெற்று வெளியேறும் நாளில் உறைபெட்டியோடு அழிகின்றன. பூஞ்சை ஆய்வாளர்களிடம் வளர்ப்பைச் சேமிப்பகத்தில் ஒப்படைக்கும் வழக்கம் வேரூன்றியுள்ளது. ஜெர்மனியின் பிரவுன்ஷ்வைக் நகரில் உள்ள நுண்ணுயிர்ச் சேமிப்பகம் தாவர வைரசுகளையும் அவற்றுக்கான ஊனீர்களையும் காத்து, கேட்போருக்கு வழங்குகிறது. அந்த வழக்கம் இந்தியத் துறைகள் அனைத்திலும் இயல்பானதாக வேண்டும். இன்று தீர்க்க இயலாத ஐயத்தைப் பத்தாண்டு கழித்து வேறொருவர் தீர்க்க அந்த இலை வேண்டும்.

நான்காவதே கடினமானது: மதிப்பீடு. வாய்மொழித் தேர்வில் 'எத்தனை பதிவெண்கள்?' என்ற கேள்வி எளிதாக எழுகிறது. 'செலுத்திப் பார்த்தீர்களா? நோய் வராவிட்டால் ஏன் வரவில்லை?' என்ற கேள்வி அதே எளிமையுடன் எழ வேண்டும். பருத்தியில் நோய் வராத அந்தச் சோதனை ஒரு துறையின் போக்கையே திருப்பியது. அதே முடிவைப் பெறும் இன்றைய மாணவர் அதை ஆய்வேட்டின் பின்னிணைப்பிலும் சேர்க்கத் தயங்குகிறார் என்றால், குறை அம்மாணவரிடம் இல்லை. எதிர்மறை முடிவுக்கு மதிப்பெண் தராத அவையிடம் இருக்கிறது. வசதியுள்ள மைய ஆய்வகங்கள் ஆண்டின் ஒரு பகுதியையேனும் பிற பல்கலைக்கழக மாணவர்களின் செலுத்துச் சோதனைகளுக்கு ஒதுக்கினால், 'வலைக்கூடம் இல்லை' என்ற தடையும் தளரும்.

வகைப்பாடு வளரட்டும், எல்லைக்கோடுகள் தேவைப்படும்போது திருத்தப்படட்டும், பெயர்கள் ஒழுங்குபெறட்டும். அவை அறிஞர்கள் ஒருவரோடொருவர் பேசும் மொழி. வயலிலிருந்து செடியைப் பிடுங்கிக்கொண்டு வேளாண் நிலையத்தின் வாசலில் நிற்பவர் கேட்பது அம்மொழியிலன்று. இது எதனால் செத்தது, அடுத்த பருவத்தில் எதை விதைப்பது, எதைப் பிடுங்குவது என்றுதான் அவர் கேட்கிறார். அனந்தபூரில் அக்கேள்விகளுக்கு விடை கிடைத்தது; பார்த்தீனியத்தைப் பிடுங்கு, சோளத்தை விதை என்று சொல்ல முடிந்தது. அடுத்து எழுதப்படும் ஒவ்வோர் 'அடையாளம் காணல்' ஆய்வேடும் தன் கடைசி இயலில் அப்படி ஒரு வாக்கியத்தையாவது எழுத முயல வேண்டும். எழுத முடியாவிட்டால், எந்தச் சோதனை மீதமிருப்பதால் முடியவில்லை என்பதையாவது சொல்ல வேண்டும்.